வெளிநாட்டு விடுமுறையில் எழில்மிகு கோல்ஃப் மைதானங்களில் ஆடுவது எப்படி?

விமானச் சீட்டையும் விடுதியையும் உறுதிசெய்துவிட்டு அதன் பிறகே ஆடும் நேரத்தைத் தேடுவது பலருடைய வழக்கம். புகழ்பெற்ற மைதானங்களைப் பொறுத்தவரை இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். ஏனெனில் அவை ஒவ்வொன்றுக்கும் தனியான அனுமதி முறை உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் பொதுமக்களுக்குரியது என்றாலும், முன்பதிவு கிடைக்காதவர்கள் ஆட்டத்துக்கு 2 நாள் முன்பு நடக்கும் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பொதுவாக ஆட்டமே கிடையாது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் 600 டாலருக்கு மேல் கட்டணம் செலுத்த ஒருவர் தயாராக இருந்தாலும், அவர்களுடைய விடுதியில் தங்குவோருக்கே முன்னுரிமை. எனவே செயின்ட் ஆண்ட்ரூஸ் செல்பவர்கள் அந்த ஊரில் குறைந்தது மூன்று நாள்களாவது தங்கும்படி திட்டமிட்டால், குலுக்கலில் மீண்டும் மீண்டும் முயல வாய்ப்பிருக்கும்.

ஹேண்டிகேப் சான்றை, அதாவது உங்கள் ஆட்டத்திறனை எண்ணாகக் காட்டும் பதிவை, கையில் வைத்திருப்பது அவசியம். 2020 முதல் உலகளாவிய ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்துவிட்டதால், சொந்தக் கிளப்பில் பெற்ற பதிவே பெரும்பாலான நாடுகளில் போதுமானது.

கடலோர மைதானங்களில் காட்சியையும் ஆட்டத்தையும் ஒருசேரத் தீர்மானிப்பது காற்றுதான். பெபிள் பீச்சின் ஏழாவது குழி, அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 106 கஜத் தொலைவிலேயே உள்ளது. காற்றில்லாத காலையில் குறுந்தொலைவுக்கான வெட்ஜ் மட்டையால் மென்மையாக அடித்தாலே பந்து குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையை எட்டிவிடும், ஆனால் எதிர்காற்று வீசும் நாளில் அதே தொலைவுக்கு, பந்தை இன்னும் தொலைவாக அனுப்பும் நீளமான அயர்ன் மட்டையை எடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் பிற்பகலில் கடற்காற்று வலுக்கும் என்பதால், கிடைக்குமானால் அதிகாலை நேரத்தையே தேர்ந்தெடுங்கள். தாழ்ந்த வெயிலில் மேடுபள்ளங்களின் நிழல் தெளிவாக விழுவதால் காட்சியும் அப்போதுதான் முழு அழகோடு இருக்கும். லிங்க்ஸ் எனப்படும் கடலோர மணற்பாங்கான மைதானங்களின் இறுகிய தரையில் பந்தை உயரத் தூக்குவதைவிடத் தாழ்வாக உருட்டுவது பலன் தரும். கனடாவின் பான்ஃப் போன்ற மலைப்பகுதிகளிலோ காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து வழக்கத்தைவிடச் சற்றுத் தொலைவு செல்லும். எங்கே ஆடினாலும் குழிக்கு அருகே முன்னுள்ள டீயிலிருந்து (முதல் அடியை அடிக்கும் இடம்) தொடங்குவதில் தயக்கமே வேண்டாம். புதர்களில் பந்தைத் தேடும் நேரம் குறைந்தால்தான் கண்முன் விரியும் கடலை நிதானமாகப் பார்க்க முடியும்.

ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ செல்பவர்கள், பயன்படுத்திய ஷூக்களிலும் மட்டைகளிலும் ஒட்டிய மண்ணையும் புல்லையும் முற்றிலும் கழுவி, வருகைப் படிவத்தில் அவற்றைக் குறிப்பிட வேண்டும்; அந்நாடுகளின் உயிர்ப் பாதுகாப்புச் சோதனை மிகக் கடுமையானது. ஒரே ஒரு நாள்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் மைதானத்திலேயே மட்டைகளை வாடகைக்கு எடுப்பது மேல். மட்டைப் பையைச் சுமந்து ஆலோசனையும் தரும் உதவியாளரான கேடியின் துணையை விரும்பினால் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். அவருக்குரிய தொகையையும் அன்பளிப்பையும் பெரும்பாலும் ரொக்கமாகவே தர வேண்டியிருப்பதால், அந்நாட்டுப் பணத்தை முன்கூட்டியே மாற்றி வைத்திருங்கள்.