பி.யூ. பசையை வெள்ளைப் பசையாக நினைக்காதீர்கள்

என் தாத்தாவின் தேக்கு நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தால், பின்னங்கால் ஒன்றின் அடியில் ஒரு நாளிதழின் தங்கம் விலை நிலவரம் பாதி தெரியும். ஆறு வருடங்களுக்கு முந்தைய விலை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு காரணங்களுக்காக வயிறு எரியும்.

கழன்ற காலைப் பாலியூரித்தேன் பசை, சுருக்கமாக பி.யூ. பசை, வைத்துப் பொருத்தினேன். தரை அழுக்காகாமல் இருக்க நாளிதழை விரித்தேன். நிறைய வைத்தால் நன்றாகப் பிடிக்கும் என்று தாராளமாகப் பிதுக்கிவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் பார்த்தால் மூட்டைச் சுற்றிப் பழுப்பு நுரை பொங்கி, காலோரமாக வழிந்து, அடியிலிருந்த காகிதத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறுகியிருந்தது. மூட்டு மட்டும் ஆடியது.

தச்சு வேலைக்கு நாம் காலம் காலமாகப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, தன்னிடம் உள்ள தண்ணீரை இழந்து காய்கிறது. பி.யூ. பசைக்கு இது நேர் எதிர். அது தண்ணீரை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள், காற்றிலோ மரத்திலோ இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து வினைபுரியும்போது கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. நுரை பொங்குவது அதனால்தான். இட்லி மாவைப் பொங்க வைப்பதும் இதே வாயுதான். வைத்த அளவைப் போல மூன்று, நான்கு மடங்கு வரை பசை பெருகும். இந்தப் பசையில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, இந்த எதிர்க்குணத்தை மறந்துவிடுவதால் வருபவை.

கடையிலேயே முதல் குழப்பம் தொடங்கிவிடுகிறது. வேலூர் லாங் பஜார் பக்கம் போய் "பி.யூ. பசை கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால், கையில் எது வரும் என்று சொல்ல முடியாது. மரத்துக்கான நுரைக்கும் பசை ஒன்று. கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தை அடைக்கும் ஸ்ப்ரே நுரை இன்னொன்று. மூன்றாவது, செருப்பு, ஷூ அடிப்பாகம் ஒட்டும் பசை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழிலோடு வளர்ந்த ஊர்கள் இவை. அதனால் இங்கே பி.யூ. என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த மூன்றாவதுதான். அது கரைப்பான் கலந்த பசை; நுரைக்காது. இரண்டு பக்கமும் தடவி, உலரவிட்டு, சூடு காட்டி, அழுத்திச் சேர்க்க வேண்டும். அதை வாங்கி வந்து நாற்காலிக்குப் போட்டவரையும் பார்த்திருக்கிறேன், மரப் பசையைச் செருப்புக்குப் போட்டு வாருக்கு நடுவே நுரை வளர்த்தவரையும் பார்த்திருக்கிறேன். எந்தப் பொருளை ஒட்டப் போகிறீர்கள் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். புட்டியின் மேலிருக்கும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். திறக்காத புட்டிக்கே ஆயுள் பெரும்பாலும் ஒரு வருடம்தான். என்னிடம் ஒரு கடைக்காரர் மேலே தூசி படிந்த புட்டியைத் தள்ளுபடியில் கொடுத்தார். வீட்டில் அதை அமுக்கியபோது மூக்கு வழியாக ஒரு சொட்டும் வரவில்லை. உள்ளே ரப்பர் கட்டை.

பெரிய புட்டி விலை குறைவாகத் தெரியும். வாங்காதீர்கள். திறந்த நாளிலிருந்து உள்ளே போகும் காற்றும் அதன் ஈரமும் பசையைத் தின்னத் தொடங்கிவிடும். வருடத்துக்கு இரண்டு நாற்காலி ஒட்டுகிறவருக்குச் சின்னப் புட்டியே மிச்சம்.

வைக்கும் இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இப்படிப்பட்ட சாமான்கள் எல்லாம் போய்ச் சேரும் இடம் பரண், இல்லையென்றால் மொட்டை மாடித் தகரக் கொட்டகை. கத்தரி வெயிலில் வேலூர் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது தகரத்துக்குக் கீழே இருக்கும் சூட்டைச் சொல்லவே வேண்டாம். சூடு ஏற ஏறப் பசை வேகமாக முதுமை அடைகிறது. பரணும் அப்படித்தான், சூடான காற்று மேலேதான் போய்த் தங்கும். குளியலறை அலமாரியும் சமையலறைத் தொட்டிக்குக் கீழுள்ள இடமும் ஈரத்தால் ஆகாது. என் வீட்டில் பீரோவின் அடித்தட்டுதான் இதற்கு இடம். மனைவியின் பட்டுப் புடவைகள் மேல்தட்டில் இருப்பதால் இந்த ஏற்பாடு ஒரு சிறு பேச்சுவார்த்தைக்குப் பிறகே அமைந்தது.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இதை வைப்பதே தவறு. அதோடு, குளிர்ந்த புட்டியை வெளியே எடுத்தவுடன் திறந்தால், வெளிக்காற்றின் ஈரம் மோர்ப் பாத்திரத்தின் மேல் வியர்ப்பது போல உள்ளேயும் வியர்க்கும். எதை விலக்க நினைத்தோமோ அதையே உள்ளே ஊற்றிய கதைதான்.

மூடும் முன் புட்டியை மெல்ல அமுக்கி, பசை மூக்கு நுனி வரை ஏறி வந்ததும் அந்தப் பிடியிலேயே மூடியைத் திருகுங்கள். உள்ளே காற்று குறைவாக இருக்கும். நுனியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். ஈரத் துணி கூடாது. பிறகு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, புது ஷூ பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூடவே வையுங்கள். ஆனால் மூன்று வருடமாகத் திறந்த பெட்டியில் கிடந்த பொட்டலம் குடிக்க வேண்டிய ஈரத்தை எப்போதோ குடித்து முடித்திருக்கும். புதிதாக எடுத்துப் போட்டால்தான் பயன்.

தண்ணீர் பட்டுவிட்ட பசையைத் திரும்பப் புட்டிக்குள் ஊற்றி இறுக்க மூடுவது பலருக்குத் தெரியாத ஆபத்து. உள்ளே வாயு உருவாகிக்கொண்டே இருக்கும். புட்டி உப்பி, மூடி தெறிக்கலாம்.

அடுத்து ஒட்டும் நேரம். வறண்ட மரத்தில் வறண்ட நாளில் பசை வைத்தால் அது சோம்பிக் கிடக்கும். சித்திரை, வைகாசி மதியங்களில் நம் ஊர்க் காற்றில் ஈரம் அவ்வளவு குறைவு. அதனால் ஒரு பக்கத்தை மட்டும் பிழிந்த துணியால் லேசாகத் துடைத்து, மறு பக்கத்தில் பசையைத் தடவ வேண்டும். தண்ணீர் பளபளவென்று நிற்கக் கூடாது. மரத்தின் நிறம் சற்றுக் கறுத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரமே ஈரம் ஏறி நிற்கும். அப்போதும் துணியைத் தேடினால் நுரைதான் மிஞ்சும்.

அளவு, தோசைக் கல்லில் எண்ணெய் தடவும் அளவுதான். பொங்கும் நுரை இடைவெளியை நிரப்பிவிடும் என்ற நம்பிக்கை என் நாற்காலியைக் கெடுத்தது. நுரை இடத்தை அடைக்குமே தவிர, பாரம் தாங்காது. விரலால் அமுக்கிப் பாருங்கள், அப்பளம் போல நொறுங்கும். வலிமை எல்லாம் இரண்டு மரமும் நெருங்கி நிற்கும் மெல்லிய படலத்தில் இருக்கிறது. மூட்டு தளர்ந்து சந்து விழுந்திருந்தால் மரச் சீவல் வைத்து இறுக்குங்கள். அல்லது இரண்டு குழாயாக வரும் எபாக்சிக்குப் போங்கள்.

நுரை பொங்கும்போது மரத்தையே தள்ளிவிடும் என்பதால் இறுக்கிக் கட்டாமல் விடவே கூடாது. கிளாம்ப் இல்லையென்று கவலைப்பட வேண்டாம். எங்கள் தெருத் தச்சர் பழைய சைக்கிள் டியூபை நீளவாட்டில் கிழித்து, நாற்காலிக் கால்களைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டுவார். "கயிறு ஒருமுறை கட்டினால் அப்படியே நிற்கும் தம்பி, ரப்பர் இழுத்துக்கொண்டே இருக்கும்" என்பார். புட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை கட்டை அவிழ்க்கக் கூடாது. உட்கார்ந்து பார்ப்பது மறுநாள்தான். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, அது உலர்ந்த பிறகு பசை வைத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

கீழே விரிக்க வேண்டியது பாலிதீன் தாள். பாலிதீனிலும் பாலிபுரோப்பிலீனிலும் இந்தப் பசை ஒட்டாது. பசைப் புட்டியே பெரும்பாலும் அந்த வகைப் பிளாஸ்டிக்தான். உடைந்த பக்கெட்டை இதை வைத்து ஒட்ட முடியாததற்கும் அதுவே காரணம். வழிந்த நுரையை ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் மரத் துளைகளுக்குள் இறங்கிக் கறையாகும். இறுகிய பின் உளியால் சீவி எடுங்கள். வெயில் படும் இடத்தில் பசைக்கோடு நாளடைவில் மஞ்சளாகிக் கறுக்கும், அதனால் வெளியே தெரியும் மூட்டில் சிக்கனமாக இருப்பது நல்லது.

கையுறை போடாமல் ஒட்டிய மறுநாள் காட்பாடியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் விரல்களைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கூட மருதாணி உண்டா என்று கேட்டார். இறுகிய கறையை எந்தச் சோப்பும் அகற்றாது. தோல் உதிர்ந்துதான் போகும். ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த துணியால் துடைத்து, சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போடுங்கள். நேராகத் தண்ணீரில் கையை நீட்டினால் பசைக்குத் தீனி போட்டதாகும். கண்ணில் பட்டால் மட்டும் யோசிக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவைக் கிளப்பக் கூடியது. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை. நாய் வளர்ப்பவர்கள் புட்டியைத் தரையில் விட்டுவிடாதீர்கள். நாய் அதைக் கடித்து விழுங்கினால் வயிற்றுக்குள் பசை பெருகிக் கட்டியாகும். அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டிவரும்.

கடைசியாக, பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஷூ. நான்கைந்து வருடம் கழித்துக் கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டால் அடிப்பாகம் கேக் போல உதிரும். அந்த அடிப்பாகமே பாலியூரித்தேன்தான். காற்றின் ஈரம் அதன் இணைப்புகளை உள்ளிருந்து மெல்ல அறுத்திருக்கும். பி.யூ.வை பி.யூ. பிடிக்கும் என்று பசையைத் தூக்காதீர்கள். மாவாகிப்போனதில் எந்தப் பசையும் நிற்காது. மேல்தோல் நன்றாக இருந்தால் அடிப்பாகத்தை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.