பெத்தாட பாட்ட போன்ல பிடிச்சு புதுப்பாட்டா கட்டுறது எப்பிடி

ஒரு நாள் இரவு நல்ல மழை, கரண்ட் இல்ல, போன்லயும் சார்ஜ் முப்பது வீதம்தான், அந்த நேரம் பாத்து ஒரு கனடாக்காரர்ட பாட்டு வந்து மாட்டிச்சு. ஜெரமி டட்சர் எண்டு பேர். பியானோ வாசிச்சு ஒபரா பழகின குரல்ல பாடுறாரு, ஒரு சொல்லு விளங்கல்ல, நடுவுல சரசரண்டு ஒரு இரைச்சலுக்குள்ளால இன்னொரு பழைய குரல் வருது, மறுகா ரெண்டு குரலும் சேந்து போகுது. அந்தப் பழைய குரலுக்குரிய ஆள் செத்து எத்தினையோ காலமாம். எனக்கு அண்டைக்கு நித்திர இல்ல, பெத்தா (நம்மட பக்கம் பாட்டியச் சொல்லுறது) பாடின கவியெல்லாம் எங்க போச்சு எண்ட யோசினதான்.

அவர்ட கதைய முதல்ல சொல்லணும், ஏனெண்டா நான் இஞ்ச சொல்லப்போற முறையில பாதி அவரப் பாத்துப் பிடிச்சது. கனடாவில நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில டொபிக் எண்ட இடத்து ஆள், வொலஸ்தகே எண்ட ஆதிக்குடி. அந்தப் பேரே ஆத்துப் பேர்தான், அழகான ஆறு எண்டு அர்த்தமாம், மட்டக்களப்பு வாவிக்கரையில பிறந்த நமக்கு அதெல்லாம் லேசா விளங்கும். அந்த மொழிய நல்லாப் பேசுற ஆக்கள் நூறு பேர் அளவிலதான் மிச்சம் எண்டு அவரே சொல்லுறாரு. மேகி போல் எண்டு பாட்டுத் தெரிஞ்ச மூத்தவ ஒரு ஆள்தான் இவர, நம்மட பழைய பாட்டெல்லாம் மியூசியத்தில கிடக்கு, போய்க் கேளு மனே எண்டு அனுப்பிவிட்டவ (மனே எண்டு சொல்லியிருக்க மாட்டா, எனக்கு அப்பிடித்தான் கேட்டுச்சு). போய்ப் பாத்தா 1907 அளவில வில்லியம் மெக்லிங் எண்ட மானிடவியல்காரர் மெழுகு உருளைல பிடிச்சு வெச்ச பாட்டுகள். கூம்பு மாதிரி குழாய்க்குள்ள பாடினா ஊசி மெழுகுல கீறிக்கொண்டே போகும், ரெண்டு மூணு நிமிசத்தோட உருளை முடிஞ்சிரும், திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டா தேய்ஞ்சும் போயிரும். அதுகளக் கேட்டுக் கேட்டு சொல்லுச் சொல்லா எழுதி, பியானோல இருந்து, அஞ்சு வருசம் வேல செஞ்சு 2018ல ஆல்பம் போட்டாரு, முழுக்க அவர்ட மொழியிலதான். அந்த வருசமே கனடாவில பெரிசா மதிக்கிற பொலாரிஸ் பரிசு கிடைச்சுது, 2024ல ரெண்டாந்தரமும் அவருக்குத்தான்.

இதில நமக்கு என்ன எண்டு கேக்கிறீங்களா? அதே 1907, 1908ல இலங்கைக்கு செலிக்மன் எண்ட வெள்ளக்காரரும் பெண்சாதியும் வந்து காட்டுப் பக்க வேடர்ட பாட்டுகள மெழுகு உருளைல பிடிச்சுக்கொண்டு போனவங்க. அது இப்ப லண்டன்ல பிரித்தானிய நூலகத்தில கிடக்கு. அத ஆராஞ்ச மயர்ஸ் எண்டவர், சில பாட்டுல வெறும் ரெண்டே ரெண்டு சுரம்தான் எண்டு கணக்குப் போட்டு எழுதி வெச்சிருக்காரு. ரெண்டு சுரத்தில ஒரு பாட்டு, நினைச்சுப் பாருங்க, நம்மட கீபோட்காரனுகளுக்கு இருபது சுரம் குடுத்தாலும் போதாது. ஆனா பாடின ஆக்கள்ட பேரன் பேத்தி அதக் கேக்க லண்டனுக்கா போறது? உங்கட பெத்தா உருளைக்குள்ள இல்ல, குசினிக்குள்ளதான் இருக்கா. அதுதான் நமக்குள்ள ஒரே வாசி.

முதல்ல எந்தப் பாட்டு எண்டு முடிவெடுங்க. மட்டக்களப்பு அம்பாறைல பாட்டு எண்டா கூத்தும் வசந்தனும் மட்டுமில்ல. கவி கிடக்கு, நாலு வரியில மச்சானும் மச்சியும் ஏசிக்கொள்ளுற மாதிரி காதல் பண்ணுறது, அத தமிழாக்களும் பாடுவாங்க, அக்கரைப்பற்று சம்மாந்துறைப் பக்கம் முஸ்லிம் ஆக்களும் பாடுவாங்க, ஒரே கவிய ரெண்டு ஊர்லயும் கேட்டா ரெண்டு சொல்லுதான் மாறியிருக்கும். தாலாட்டு, ஊஞ்சல் பாட்டு கிடக்கு. வட்டையில, அதாவது வயல்வெளியில பாடுறது தனி, சூடு மிதிக்கக்குள்ள (நெல்லப் பிரிக்க மிதிக்கிறது) எருமைய வளைச்சுப் பாடுறது. களவெட்டிக்குள்ள, அந்தச் சூடு மிதிக்கிற களத்தில, சாதாரணமாப் பேசுற சொல்லே பேசப்படாது, அங்கத்தைக்கெண்டு வேற சொல்லுகள் இருந்தது, பெரியப்பாமாருக்குத் தெரியும், கேட்டா சிரிச்சுப்போட்டு சொல்லுவாங்க. இப்ப மிசின் வந்து ஒரே நாள்ல வெட்டிக் கொட்டிட்டுப் போகுது, எருமையும் இல்ல, அந்தப் பாட்டுக்கு வேலையும் இல்ல. அதனால வயல் பாட்டுத் தெரிஞ்ச கிழவர் ஊர்ல ஆராவது இருந்தா அவர்ட்டத்தான் முதல்ல போங்க, தாலாட்டு கொஞ்சக் காலம் பொறுக்கும்.

எடுக்கப்படாத பாட்டும் கிடக்கு, இத வடிவா வாசிங்க. கண்ணகி அம்மன் கோயில் கதவு வைகாசியிலதான் திறக்கும், குளிர்த்தி (அம்மனக் குளிரப் பண்ணுற பாட்டு) அப்பத்தான் பாடுறது, சும்மா ஒரு செவ்வாக்கிழமை பின்னேரம் போய் கோயில் பூசை செய்யிற கட்டாடியாரிட்ட ஒருக்கா பாடுங்க ரெக்கோட் பண்ணுவம் எண்டு கேக்கப்படாது. ஒப்பாரியும் அப்பிடித்தான், செத்த வீடு இல்லாத வீட்டில பாடச் சொன்னா தரித்திரம் எண்டு ஏசுவாங்க, ஏச்சு வாங்கினதால சொல்லுறன். வாகரை, களுவன்கேணிப் பக்கம் வேடர் ஆக்கள் தமிழ்தான் பேசுறாங்க, ஆனா குமார தெய்வச் சடங்கு அவங்கட. அந்தக் குடியில பிறக்காத ஆள் எண்டா அதில வாற பாட்ட எடுத்து பீட் போடுறது உங்கட வேல இல்ல. அந்தக் குடியில இருந்து ஒரு பொடியனோ பொட்டையோ செய்ய வெளிக்கிட்டா மைக்கப் பிடிச்சுக் குடுங்க, அதோட நில்லுங்க. டட்சர் தன்ட ஆக்கள்ட பாட்டத்தான் எடுத்தவரு.

இனி போற முறை. போனத் தூக்கிக்கொண்டு நேர போய் முகத்துக்கு முன்னால நீட்டினா எந்தப் பெத்தாவுக்கும் குரல் வராது. வெத்திலையும் பாக்கும் வாங்கிக்கொண்டு போங்க, முதல் நாள் ஒண்டும் ரெக்கோட் பண்ண வேணாம், இருந்து கதைங்க. பெத்தா நீங்க குமரியா இருக்கக்குள்ள பாடுறயாமே எண்டு ஒரு சொல்லு போடுங்க. "போடா மனே, எனக்கென்ன பாட்டுத் தெரியும்" எண்டுவா. அது ஏலாது எண்டு அர்த்தமில்ல, நாளைக்கு வா எண்டு அர்த்தம். இன்னொரு கிழவிய கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில இருத்தினீங்க எண்டா இன்னும் நல்லம், அவ ஒண்டப் பிழையாப் பாடுவா, இவ "அப்பிடி இல்லகா" எண்டு தொடங்குவா, மறுகா நீங்க வாயே திறக்கத் தேவல்ல.

போனப் பத்தி. ஏரோப்பிளேன் மோட்ல போடுங்க, இல்லாட்டி நல்ல இடத்தில ஆராவது கோல் எடுப்பான். ரெக்கோடர் அப்ல வேவ் போமட் இருந்தா அதத் தெரிவு செய்யுங்க, வட்சப் வொயிஸ்ல எடுக்கிறது வேணவே வேணாம், அது சத்தத்த நசிச்சுப்போடும். பிளாஸ்டிக் கதிரைல போன வெச்சா கதிரை அசையிற சத்தமெல்லாம் ஏறும், தலையணையில இல்லாட்டி மடிச்ச துவாய்க்கு மேல வைங்க, வாய்க்கும் போனுக்கும் ரெண்டு சாண். காத்தாடிய நிப்பாட்டுங்க, வேர்க்கும், பறவால்ல. கடக்கரைப் பக்கம் எண்டா மைக் ஓட்டைல ஒரு பழைய சொக்ஸ போட்டு மூடினா காத்துச் சத்தம் குறையும், எளிய வழி, ஆனா கழுவின சொக்ஸா இருக்கட்டும். நேரமும் பாருங்க. நான் முதல் தரம் எடுத்தது பின்னேரம் நாலு மணிக்கு, பெத்தா அருமையா ஒரு கவிய இழுத்துக்கொண்டு போறா, கடைசி வரி வரக்குள்ள பாண் ஆட்டோ அந்த மியூசிக்க போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள்ள வந்திட்டான். அந்தப் பதிவு இன்னும் கிடக்கு, மச்சானுக்கு ஏங்கி நிக்கிற கவிக்குப் பின்னால டிங் டிங் டிங் எண்டு பாண் விக்கிற சத்தம். காலைல பத்து மணிக்கும் சமையலுக்கும் இடையில உள்ள நேரம் நல்லம்.

தொடங்கக்குள்ள உங்கட குரல்லயே திகதி, ஊர், பாடுற ஆள்ட பேர் எல்லாம் சொல்லிப் பதிஞ்சிருங்க, பைல் பேர் மாறினாலும் அது மாறாது. ஒரு பாட்ட மூண்டு தரம் பாட வைங்க, மூண்டுலயும் சொல்லு மாறும், அது பிழையில்ல, அதுதான் பாட்டு. பாடி முடிய ஆரிட்டப் பழகினீங்க, எங்க வெச்சுப் பாடுறது, ஆருக்கு முன்னால பாட மாட்டீங்க எண்டு கேளுங்க. கடைசிக் கேள்விக்கு வாற பதில்தான் பல நேரம் பாட்டையும் விட வடிவு. இடையில பெத்தா அழுதா போன நிப்பாட்டுங்க. நம்மட ஊர்ல சண்டையில போனவன், 2004 கடல்ல போனவள் எண்டு ஒவ்வொரு தாலாட்டுக்கும் ஒரு பிள்ளை கிடக்கு, அது பதிவுக்கில்ல.

அண்டிரவே சொல்லுகள எழுதுங்க, அடுத்த கிழமைக்கு வெச்சா விளங்காது. பேசினபடி எழுதுங்க, பெத்தா மறுகா எண்டா மறுகாதான், பிறகு எண்டு திருத்தாதீங்க. பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர்ட்டக் காட்டினா சிவப்புப் பேனையால கோடடிப்பா, காட்டாதீங்க. காரைதீவில பிறந்த விபுலானந்த அடிகள் பழைய நூல்கள்ள செத்துப்போன யாழ் எப்பிடி இருந்திருக்கும் எண்டு தேடித் தேடி எழுதி 1947ல யாழ் நூல வெளியிட்டாரு, அவருக்கு வாசிச்சுக் காட்ட ஒரு ஆளும் உயிரோட இல்ல. உங்களுக்கு ஆள் முன்னால இருக்கா, ஒரு சொல்லு விளங்காட்டி கேட்டாச் சரி.

புதுப்பாட்டுக் கட்டுற இடம்தான் எல்லாரும் வழுக்குற இடம். பெத்தா எந்தச் சுருதியில பாடினாவோ அங்கயே ஆமோனியத்த வைங்க, உங்கட கிட்டாருக்கு லேசு எண்டு அவவ இழுத்து சி மேஜர்ல போடாதீங்க. கவிக்குத் தாளம் இல்ல, மூச்சுதான், வரிக் கடைசியில குரல் இழுபட்டுப் போகும், அதுக்கு டக் டக் எண்டு தாளம் எண்ணுற கிளிக் டிரக் போட்டா பாட்டு செத்துப்போகும். சத்தத்த வெட்டி ஒட்ட ஓடாசிட்டி, பேண்ட்லாப் ரெண்டும் காசில்லாமக் கிடைக்கும். நொய்ஸ் ரிமூவ் கொஞ்சமாப் போடுங்க, கூடினா பெத்தா தகர டப்பாக்குள்ள இருந்து பாடுற மாதிரி வரும், சேவல் கூவினா கூவட்டும். சுருதியத் திருத்துற ஓட்டோடியூன் போட்டா நான் உங்களோட கதைக்க மாட்டன். முதல் இருபது செக்கன் அவட குரல் மட்டும் போகட்டும், மறுகா ஒரு உடுக்கு இல்லாட்டி ஒத்தை வாத்தியம், அதுக்குப் பிறகு உங்கட குரல், உங்கட வரி. உங்கட வரி எண்டா இண்டைய கதையா இருக்கணும், நான் கட்டினது இப்பிடி:

மிசினு வந்து வெட்டுதுகா வட்டையெல்லாம் ஒரு நாளில்
பாட்டு வந்து நிக்குதுகா பரணடியில் தனியாக

பெரிய கவி எண்டு சொல்லல்ல, ஆனா பெத்தாட மெட்டுக்குள்ள குந்துது.

வெளியில போடுறதுக்கு முதல் வீட்டில போட்டுக் காட்டணும். இதில நான் விட்ட பிழைய சொல்லுறன். பெரியப்பா ஒராள் பாடின வயல் பாட்ட எடுத்த இரவே டிக்டொக்ல போட்டிட்டன், பேரும் போடல்ல, கேக்கவும் இல்ல. ரெண்டு நாள்ல எவனோ அதுக்கு டிஜே அடி போட்டு கலியாண வீட்டு ரீல்ஸ் எல்லாத்திலயும் ஓடுது. அவர் ஏசல்ல. "நல்லாக் கிடக்கு மனே" எண்டாரு, அதுக்குப் பிறகு எனக்கு ஒரு பாட்டும் பாடல்ல. அதுக்கு ஏச்சு எவ்வளவோ மேல்.

அதனால ஒத்துக்கொண்டது எல்லாத்தையும் அவட வாயாலயே ரெக்கோட் பண்ணுங்க, எங்க போடலாம், பேர் போடலாமா, காசு வந்தா எப்பிடிப் பிரிக்கிறது எண்டு. இலங்கையில 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில நாட்டார் கலை வெளிப்பாடுக்கும் ஒரு பிரிவு கிடக்கு, ஊர்ப் பாட்டு ஆருட சொத்தும் இல்ல எண்டு சொல்லி வாறவனுக்கு அதச் சொல்லுங்க. மூலப் பதிவ வெட்டாமக் கொத்தாம மூண்டு இடத்தில வைங்க, ஒண்டு உங்கட்ட, ஒண்டு பென் டிரைவ்ல போட்டு அந்த வீட்டில, ஒண்டு வெளியில. வெளியில எண்டா நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்துறாங்க, கல்லடியில விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமும் கிடக்கு, போய்க் கேட்டுப் பாக்கலாம்.

பென்னக் குடுக்கக்குள்ள சும்மா குடுத்திட்டு வராதீங்க, ஸ்பீக்கர்ல போட்டு பேரப்பிள்ளையள் எல்லாத்தையும் இருத்திக் கேக்க வைங்க. என்ட பெத்தா முழுசாக் கேட்டுப்போட்டு, என்ட வரியப் பத்தி ஒரு சொல்லும் சொல்லாம, "ரெண்டாவது அடியில நான் ஒரு சொல்ல விட்டுட்டன் மனே, அந்தப் பொட்டியத் திரும்ப வை" எண்டா. காத்தாடிய நிப்பாட்டிட்டு தலையணைய எடுத்தன்.