அரைகுறையாகக் கேட்ட பிள்ளைக்கு முழுதாகச் சொல்வது எப்படி?

நான் வளர்ந்தது லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில். அங்கே காம்பராக்களை, அதாவது அறைகளை, பிரித்த சுவர் கூரையைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையும், கடன் கொடுத்தவர் வந்து சத்தம் போட்டதும், யாருக்கு என்ன நோய் என்பதும் நாங்கள் படுத்திருந்த பாய்க்கே வந்து சேரும். இப்போது இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே ஒரு முன்பள்ளியில் கற்பிக்கிறேன். கஷ்டமான விடயங்களைப் பிள்ளையிடம் சொல்லலாமா என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பிள்ளை ஏற்கெனவே கேட்டுவிட்டது, பாதியைத்தான் கேட்டிருக்கிறது, மீதியைத் தானே கற்பனை செய்து, அந்தக் கற்பனைக்குப் பயந்துகொண்டிருக்கிறது. நம் வேலை அந்தப் பாதியை நிரப்புவது. இதற்கு முன் பிள்ளையுடன் இப்படிப் பேசிப் பழகாதவர்களுக்காகவே கீழுள்ள படிகளை எழுதுகிறேன்.

முதற்படி: சொல்வதற்கு முன் கேளுங்கள்

என் மகன் ஆறு வயதில் "அடகு" என்பதை ஓர் ஆளின் பெயர் என்று நம்பியிருந்தான். என் தோடு அடகுக்குப் போய்விட்டதாக நான் தங்கையிடம் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. அந்த ஆள் அடுத்து தன் பாடசாலைப் பையை எடுக்க வருவான் என்று எண்ணி, அதை விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டான். பையைத் தொலைத்துவிட்டான் என்று இரண்டு நாட்கள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான், "அம்மாவோட தோடு பத்தி நீ என்ன கேள்விப்பட்ட?" என்று கேட்க எனக்குத் தோன்றியது.

அந்தக் கேள்வியையே நீங்களும் முதலில் கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லும்போது இடையில் திருத்தாதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். எதைத் திருத்த வேண்டும், எதைத் தொடாமல் விடலாம் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, "உன்கிட்ட ஒன்னு பேசணும்" என்று தொடங்கினால், அது தண்டனைக்குத்தான் தயாராகும். தண்ணீர் விழும் பீலிக்கரையில் துணி அலசும்போதோ, பாடசாலைக்குச் செல்லும் குறுக்குப் பாதையில் நடக்கும்போதோ, அடுப்படியில் ரொட்டி தட்டும்போதோ பேசுங்கள். கைக்கு வேலையும் கண்ணுக்கு வேறு பார்வையும் இருக்கும்போது வாய் எளிதில் திறக்கிறது. தவிர, லயத்தில் இரவு எட்டு மணிக்குப் பேசுவதை ஆறு வீடுகள் கேட்கும்.

மூன்றாம் படி: மூன்று வாக்கியங்களைத் தயார் செய்யுங்கள்

என்ன நடந்தது, அதனால் பிள்ளைக்கு என்ன மாறும், யார் கூட இருப்பார்கள் என்ற மூன்றுக்கும் ஒவ்வொரு வாக்கியம் போதும். "அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து பெரியாஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். இந்தக் கிழமை நீ அம்மாயி வீட்டுல படுக்கணும். பள்ளிக்கூடம் விட்டதும் மாமா வந்து கூட்டிட்டுப் போவாரு." உண்மைக்கு மாறான ஆறுதலைச் சேர்க்காதீர்கள். "நாளைக்கே வந்துருவாரு" என்று சொல்லி அவர் வராமல் போனால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் உண்மையையும் பிள்ளை நம்பாது. தெரியாததைக் கேட்டால், "எனக்கும் தெரியல, டொக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று கூறி, அதன்படி வந்து சொல்லவும் வேண்டும்.

நான்காம் படி: பணத்தில் பழகுங்கள்

பாரமான விடயங்களுக்கு முன் பணத்தைப் பற்றிப் பேசிப் பழகுவது நல்லது என்பது என் கருத்து; அது மாதந்தோறும் வருகிறது, அதில் யாரும் சாவதில்லை. ஒன்பது வயதைத் தாண்டிய பிள்ளையிடம் சம்பளச் சீட்டைக் கொடுத்து, கழிவுகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். சம்பளத்தில் ஆயிரம் ரூபாய்க்கு 80 ரூபாய் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்துக்குக் கழிகிறது என்பதையும், தோட்ட நிர்வாகம் அதற்குத் தன் பங்காக 120 ரூபாயும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 30 ரூபாயும் சேர்க்க வேண்டும் என்பதையும் காட்டுங்கள். சங்கச் சந்தாவும் முற்பணமும் போக மிஞ்சுவதை அரிசி, மா, மின்கட்டணம், கடைக்கடன் என்று பிள்ளையே பிரித்து எழுதட்டும். பறித்த கொழுந்து குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்த நாட்கள் எத்தனை என்று எண்ணும் பிள்ளைக்கு, புதுச் சப்பாத்து ஏன் அடுத்த மாதம்தான் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: கடன்காரருக்குப் பதில் சொல்லும் வேலையைப் பிள்ளையிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள். கணக்கு தெரிவது வேறு, கணக்கைச் சுமப்பது வேறு.

ஐந்தாம் படி: அம்மா வெளிநாடு போகும்போது

இதில்தான் நம் பக்கத்தில் அதிகம் தவறுகிறோம். பிள்ளை அழும் என்று பயந்து, அது தூங்கும்போது தாய் விடிகாலை பஸ்ஸுக்குப் போய்விடுகிறார். விழித்த பிள்ளை அன்றிலிருந்து தூங்கவே பயப்படுகிறது. முன்பள்ளியில் மதியம் பாய் விரித்ததும் அழத் தொடங்கும் பிள்ளைகளில் இப்படியானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போவது முடிவானதும், குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லுங்கள். வீட்டுப் பணிப்பெண் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வருடம். சிறு பிள்ளைக்கு "இரண்டு வருடம்" என்பது விளங்காது. "ரெண்டு தீபாவளி, ரெண்டு தைப்பொங்கல் முடிஞ்சதும் வருவேன்" என்றால் விளங்கும். யார் தலை பின்னிவிடுவார், காய்ச்சல் வந்தால் யார் மருந்து எடுத்துக் கொடுப்பார் என்பதைப் பெயர் சொல்லிக் கூறுங்கள். "நீ குழப்படி செய்றதாலதான் அம்மா போறேன்" என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். அந்த வாக்கியத்தைப் பிள்ளை பல வருடங்கள் வைத்திருக்கும். புறப்படும் நாளில், அழுகை வந்தாலும், எழுப்பி விடைபெறுங்கள்.

அப்பாவின் குடியைப் பற்றிப் பேசும்போதும் இதே விதிதான்: அது பிள்ளையின் குற்றமில்லை என்று முதலில் சொல்லுங்கள். சத்தம் எழும் இரவில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைப் பகலிலேயே பேசி வையுங்கள்.

ஆறாம் படி: உடலும் பாதுகாப்பும்

உடல் உறுப்புகளின் பெயர்களைக் கூச்சமின்றிச் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரியாத பிள்ளையால் நடந்ததைச் சொல்ல முடியாது. தெரியாதவர்களைப் பற்றி மட்டும் எச்சரித்து நிறுத்திவிடாதீர்கள். துன்புறுத்துபவர் பெரும்பாலும் பிள்ளைக்குப் பழக்கமானவர்தான். "யாராவது அம்மாகிட்ட சொல்லாதன்னு சொன்னா, அதத்தான் மொதல்ல சொல்லணும்" என்ற ஒரு வாக்கியத்தை அடிக்கடி சொல்லுங்கள். பிள்ளை வந்து சொல்லும் நாளில் முதற்பதில் "நீ ஏன் அங்க போன?" என்று இருக்கக் கூடாது. "சொன்னது நல்லது, ஒன்மேல தப்பில்ல" என்று தொடங்குங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். அதைப் பிள்ளைக்கும் மனப்பாடமாக்குங்கள்.

ஏழாம் படி: மழையும் மரணமும்

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை நம் பிள்ளைகள் யார் வாயிலாவது கேட்டிருப்பார்கள். அடைமழை இரவில் "ஒன்னும் ஆகாது, படு" என்பது அவர்களை அமைதிப்படுத்தாது. மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் விழிப்பாக இருப்பது, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராவது, சிவப்பு என்றால் உடனே வெளியேறுவது என்று சொல்லிக் கொடுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் வந்து சொல்லச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் பையை எடுத்துக்கொள்ளும் பொறுப்பையும் கொடுங்கள். செய்வதற்கு ஒரு வேலை இருக்கும் பிள்ளைக்குப் பயம் குறைகிறது.

யாராவது இறந்தால் "இறந்துட்டாங்க" என்றே சொல்லுங்கள். "தூங்குறாங்க" என்றால், எப்போது எழும்புவார் என்று கேட்கும்.

எட்டாம் படி: முடிவையும் சொல்லுங்கள்

கஷ்டத்தைச் சொன்ன நாம், அது தீர்ந்ததைச் சொல்ல மறந்துவிடுகிறோம். பிள்ளையோ இன்னும் காத்திருக்கும். என் தோட்டை மீட்ட அன்று மகனையும் டவுனுக்குக் கூட்டிச் சென்றேன். அடகு என்றால் என்ன என்று எட்டு மாதங்களுக்கு முன்பே அவனுக்கு விளக்கியிருந்தேன். அவனும் விளங்கிவிட்டது என்றுதான் சொல்லியிருந்தான். பற்றுச்சீட்டை அவன் கையாலேயே கொடுக்கச் செய்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, ஒங்க பேரு என்ன?" என்று கேட்டான்.