செயின் சாவா, வட்ட ரம்பமா? கருவேல விறகு அறுக்கப் போகிறவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் எங்கள் காடு. கரிமூட்டம் போடுகிறோம். பனை சீசனில் கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்கு அடுப்பு விறகும் அறுத்துக் கொடுக்கிறோம். கோடாலியும் அரிவாளுமாக நடந்துகொண்டிருந்த வேலை, 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்ன பிறகு கைமீறிப் போனது. பொக்லைன் வைத்துத் தூரோடு பிடுங்கிய கட்டை மலையாகக் குவிந்தது. அப்போதுதான் முதல் மெஷின் வாங்கினேன். எந்த மெஷினை எந்தக் கட்டைக்கு வைப்பது என்று பிடிபட இரண்டு வருஷம் ஆனது. உங்களுக்கு அந்த இரண்டு வருஷம் மிச்சமாகட்டும்.

யூடியூபில் பின்லாந்து மெஷினைப் பார்த்துவிட்டு "இதை வாங்கலாமா அண்ணே?" என்று கேட்கிற தம்பிகள் நிறைய. முழு மரத்தைத் தள்ளினால் அளவாக அறுத்து, ஹைட்ராலிக்கில் பிளந்து, மறுபக்கம் பெல்ட்டில் ஏற்றிவிடும். அதற்குள்ளும் அறுப்பது செயின் அல்லது வட்ட பிளேடுதான். ஆனால் அவர்கள் போடுகிற பைனும் பிர்ச்சும் குழாய் மாதிரி நேரான மரங்கள். நம் கருவேலம் முழத்துக்கு முழம் வளையும், கவட்டைக்கு மேல் கவட்டை. உள்ளே போகும் பாதையிலேயே சிக்கிக்கொள்ளும். நமக்கு வேண்டியது கையில் பிடிக்கிற செயின் சா, அல்லது மேஜையில் பொருத்திய வட்ட ரம்பம்.

1. கட்டையை அளந்து பாருங்கள்

24 அங்குல பிளேடு 24 அங்குலக் கட்டையை அறுக்காது. நடுவில் பிளேடைப் பிடிக்கும் வாஷர் 5 அங்குலம் என்றால் மீதி 19, அதில் பாதி ஒன்பதரை. மேஜைக் கனமும் போக 8 அங்குலம்தான் கைக்கு வரும். செயின் சாவில் 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) இருந்தால் இரண்டு பக்கமும் மாற்றி அறுத்து அதைவிடப் பெரிய தூரையும் முடித்துவிடலாம்.

மணிக்கட்டுக் கனத்திலிருந்து தொடைக் கனம் வரை உள்ள விறகுதான் உங்களுக்கு அதிகம் என்றால் வட்ட ரம்பம் வாங்குங்கள். ஒரே நீளத்தில் வேகமாக விழும். நீளம் ஒன்றாக இருந்தால் மூட்டத்தில் சந்து இல்லாமல் அடுக்கலாம், கரியும் சாம்பலாகாமல் தேறும். தூர்க்கட்டையும், காட்டில் கிடக்கும் மரமும் என்றால் செயின் சா.

2. மண்ணைப் பாருங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். புது செயின் போட்டு இரண்டாவது தூரிலேயே மெஷின் அழும், புகை வரும், கட்டை அறுபடாது. போலி செயின் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து மூன்று செயின் மாற்றினேன். செயினில் ஒரு குறையும் இல்லை. நம் கடற்கரை மணல் பட்டை இடுக்கில் ஏறி இறுகியிருக்கிறது. பிடுங்கிய தூரில் கேட்கவே வேண்டாம். செயின் அந்த மணலை ஒரு தரம் தொட்டால் போதும், பல் முனை மழுங்கிவிடும்.

இப்போது இப்படிச் செய்கிறேன். அறுக்கப் போகும் கோட்டில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்குப் பட்டையைக் கோடாலியால் சுற்றிச் சீவிவிடுவேன். முழுவதும் சீவ முடியாவிட்டால் மண் ஒட்டிய முகம் என்னைப் பார்த்து இருக்கும்படி கட்டையைப் புரட்டிவிடுவேன். பாரின் அடிப்பக்கச் செயின் நம்மை நோக்கி ஓடுகிறது. அதனால் அது சுத்தமான பக்கம் நுழைந்து மண்ணை வெளியே தள்ளிக்கொண்டு வரும். அடியில் ஒரு துண்டுக் கட்டை முட்டுக் கொடுங்கள். பார் முனை தரையைத் தொடவே கூடாது.

மழுங்கியதா என்று தெரிய தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் பல் நன்றாக இருக்கிறது. மாவாகக் கொட்டினால் உடனே நிறுத்துங்கள். செயினை வெயிலில் பிடித்தால், மழுங்கிய பல்லின் ஓரத்தில் வெள்ளைக் கோடு மினுங்கும். உருட்டு அரத்தை 30 டிகிரி சாய்த்து, ஒரே திசையில் தள்ளி, அந்தக் கோடு மறையும் வரை ராவுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. அரத்தின் கனம் செயினைப் பொறுத்தது: .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர், சாதாரண 3/8 செயினுக்கு 5.5 (.325, 3/8 என்பது அங்குலத்தில் செயினின் கண்ணி அளவு). என் கையில் மூன்று தரம் கோணல் போனது. பல் ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் போனால் மெஷின் வளைத்து அறுக்கும். ஆகவே கோணம் காட்டும் பிடியோடு வரும் அரமே வாங்குங்கள்.

கழிவு ஆயிலைச் செயினுக்கு ஊற்றாதீர்கள். அதில் இரும்புத் துகள் இருக்கும், பாரைத் தின்றுவிடும். பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் செயின் ஆயிலும் நிரப்புங்கள். மற்றதெல்லாம் கடைக்காரரே காட்டிவிடுவார்.

3. வட்ட ரம்பம் என்றால்

கார்பைடு பல் வைத்த பிளேடு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மணலைத் தாங்கும். டிராக்டர் பி.டி.ஓ. (மற்ற மெஷினை ஓட்ட டிராக்டரின் பின்னால் சுற்றும் தண்டு) நிமிஷத்துக்கு 540 சுற்றுதான் சுற்றும், பிளேடுக்கு அது போதாது. நாங்கள் டிராக்டர் பக்கம் 13 அங்குலப் புல்லியும் பிளேடு பக்கம் 5 அங்குலமும் போட்டு 1,400 சுற்று எடுக்கிறோம். பிளேடில் அதிகபட்சச் சுற்று அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. ஊஞ்சல் மாதிரி ஆடும் மேஜையை லேத் பட்டறையில் செய்து வாங்கினோம்.

வளைந்த கட்டை பிளேடு தொடும் இடத்தில் மேஜையோடு ஒட்டி உட்கார வேண்டும். அந்தரத்தில் நின்றால் பல் பிடித்து உருட்டிவிடும். பிளேடு கட்டையைச் சுண்டினால் கையும் கூடப் போகும். அறுந்து விழும் துண்டு எதிலும் முட்டாமல் தொங்கட்டும். அப்புறம், கைலியும் தோள் துண்டும் வேண்டவே வேண்டாம். பெல்ட் இழுத்தால் விடாது. கருவேல முள்ளுக்குப் பயந்து தொளதொள கையுறை போடுவதும் அதே ஆபத்துதான். முள்ளை முதலிலேயே அரிவாளால் கழித்துவிட்டு வெறுங்கையால் பிடியுங்கள்.

கட்டை பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிடுங்கள். காய்ந்த கருவேலம் இரண்டு மெஷினையும் சோதிக்கும்.

பின்சேர்க்கை: திருப்புல்லாணிப் பக்கமிருந்து ஒருவர், பிளேடில் இரண்டு பல் தெறித்துவிட்டது, கட்டையில் மண்ணே இல்லையே என்று கேட்டிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். அது வேலி ஓரத்து மரம், உள்ளே பழைய முள்கம்பி. மரம் வளர வளரக் கம்பியை விழுங்கிவிடுகிறது, வெளியே தெரியாது. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வேலி மரம் என்றால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பட்டையை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். காந்தம் மரத்தின் பக்கம் சாய்ந்தால் அங்கே சுண்ணாம்பால் கோடு போட்டு, அந்தத் துண்டை அறுக்காமல் முழுதாக மூட்டத்தில் வையுங்கள். ஆழத்தில் புதைந்த கம்பியைக் காந்தம் காட்டாது. அதனால் வேலி மரத்தை நான் வட்ட ரம்பத்தில் ஏற்றுவதே இல்லை, பழைய செயின் ஒன்றை அதற்கென்று தனியாக வைத்திருக்கிறேன்.