கிரேட்ஃபுல் டெட்டின் 1980 அகூஸ்டிக் கச்சேரிகளைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1980 செப்டம்பர், அக்டோபரில் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு சான் பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் அரங்கில் 15 இரவுகளும், நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் 8 இரவுகளும் வாசித்தது. குழு தொடங்கி அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வோர் இரவும் முதல் சுற்று அகூஸ்டிக் (மின்கிதாருக்குப் பதில் மரக் கிதார்), பிறகு இரண்டு சுற்று எலெக்ட்ரிக். 1970க்குப் பிறகு இப்படித் தொடர்ந்து அகூஸ்டிக் வாசித்தது அந்த இலையுதிர் காலத்தில்தான். ராக் இசையில் இவ்வளவு நிதானமான, இவ்வளவு நெருக்கமான கூட்டு வாசிப்பு அரிது. ஆனாலும் முதல்முறை கேட்கும் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கேட்கும் முறையில் நேரும் சில தவறுகள்தான் அதற்குக் காரணம்.

முதல் தவறு, ‘ரெக்கனிங்’ ஆல்பத்தை ஒரே இரவின் பதிவாக எண்ணிக் கேட்பது. 1981இல் வெளிவந்த அந்த இரட்டை எல்பி (இரண்டு இசைத்தட்டு), இரண்டு ஊர்களின் பல இரவுகளிலிருந்து பொறுக்கித் தொகுத்தது. பாட்டுக்குப் பாட்டு அரங்கின் முழக்கமும் கைதட்டலும் மாறுவது அதனால்தான். வார்ஃபீல்ட் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும் அரங்கு. ரேடியோ சிட்டியில் சுமார் 6,000 இருக்கைகள். தொடங்குவதற்கு ஆல்பம் நல்லதே. மூல எல்பியில் 16 பாடல்கள். உங்கள் கையில் இருப்பதில் குறைந்தால் அது சுருக்கப்பட்ட பதிப்பு. ஆல்பத்தோடு நின்றுவிடாமல், அடுத்து ஏதாவது ஓர் இரவின் அகூஸ்டிக் சுற்றை முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். ஷஃபிளில் போட வேண்டாம். முதல் இரண்டு பாட்டில் தயங்கும் விரல்கள் நாலாவது பாட்டுக்குள் இளகுவது வரிசையாகக் கேட்டால்தான் தெரியும்.

இந்த இரவுகளின் பதிவுகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தின் லைவ் மியூசிக் பகுதியில் இருக்கின்றன. அங்கே கண்ணில் படும் முதல் பதிவைத் தட்டுவது அடுத்த தவறு. எஸ்பிடி (SBD) என்ற குறி இருந்தால் சவுண்ட்போர்டிலிருந்து, அதாவது அரங்கின் ஒலிக்கலவைக் கருவியிலிருந்து, நேராக எடுத்தது: குரலும் தந்தியும் துல்லியம், ஆனால் அரங்கின் காற்று இருக்காது. ஏயுடி (AUD) என்றால் ரசிகர் மைக் வைத்துப் பதிந்தது: அரங்கு கேட்கும், பக்கத்து இருக்கைப் பேச்சும் சேர்ந்து கேட்கும். மேட்ரிக்ஸ் என்பது இரண்டையும் கலந்தது. முதலில் எஸ்பிடியில் பாடலைப் பழகிக்கொண்டு பிறகு ஏயுடிக்குப் போவது நல்லது. எஸ்பிடியை அந்தத் தளத்திலேயே ஓடவிட்டுக் கேட்க மட்டும் முடியும், ஏயுடியைத் தரவிறக்கலாம்.

அகூஸ்டிக் என்றதும் மின்சாரமே இல்லாத இசையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். ஜெர்ரி கார்சியாவும் பாப் வியரும் அகூஸ்டிக் கிதார் வாசிக்கிறார்கள். ஃபில் லெஷ்ஷின் பேஸ் கிதார் எலெக்ட்ரிக்தான். பிரெண்ட் மிட்லண்ட் பியானோ, ‘சைனா டால்’ பாட்டில் ஹார்ப்சிகார்ட் என்ற பழைய தந்தி விசைக்கருவி. பில் க்ரூட்ஸ்மன், மிக்கி ஹார்ட் இருவரும் தாளத்தை அடக்கியே வாசிக்கிறார்கள். ஹெட்போனில் பேஸ் பூஸ்ட் போட்டால் கெடுவது இங்கேதான்: லெஷ்ஷின் பேஸ் உப்பி இரண்டு கிதார்களையும் மூடிவிடும். ஈக்வலைசரை முழுதாக அணைத்துவிடுங்கள். போன் ஸ்பீக்கரும் வேண்டாம். கார்சியாவின் தனித்தனி சுரங்களும் வியரின் கார்டுகளும் ஒன்றாகக் குழம்பி, யார் எதை வாசிக்கிறார் என்பதே தெரியாமல் போகும். கார்சியாவின் குரல் அதே அறையில் எதிரே இருப்பவர் பேசும் அளவுக்குக் கேட்கும்படி சத்தத்தை வைத்தால் போதும்.

எலெக்ட்ரிக் கச்சேரிகளின் நீண்ட ஜாம்களை (அப்போதைக்கப்போது கற்பனையாக விரிக்கும் கூட்டு வாசிப்பை) இங்கே தேடுவதும் வீண். பெரும்பாலான பாடல்கள் சின்னவை. ‘பேர்ட் சாங்’ ஆல்பத்தில் ஏழு நிமிடத்தைத் தாண்டுகிறது. மனோதர்மம் விரிவது அதில்தான், கவனத்தை அங்கே செலவிடுங்கள். மற்றவற்றின் சுவை வேர்களில் இருக்கிறது. இவர்களில் கார்சியாவும் வியரும் 1964இல் பாலோ ஆல்டோவில் ஒரு ஜக் பேண்டில் (ஜாடி போன்ற வீட்டுப் பொருள்களையும் வாத்தியமாக்கும் நாட்டுப்புறக் குழு) சேர்ந்து வாசித்தவர்கள். எலிசபெத் காட்டன், ஜெஸ்ஸி ஃபுல்லர் போன்ற பழைய நாட்டுப்புறக் கலைஞர்களின் பாடல்கள் இந்தச் சுற்றில் வருகின்றன. ஃபுல்லரின் ‘மங்கி அண்ட் தி எஞ்ஜினியர்’ பாட்டை அவர் குரலில் ஒருமுறை கேட்டுவிட்டு வந்தால், இவர்கள் எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்பது சட்டென்று பிடிபடும்.

கடைசியாக, கேசட் வேகம். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பலமுறை நகல் எடுத்த ஏயுடி பதிவு வேகமாக ஓடினால் குரல் கீச்சென்று ஒலிக்கும். குழு அப்படித்தான் பாடியது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். சோதிப்பது எளிது. ‘ரிப்பிள்’ ஜி மேஜரில் உள்ள பாட்டு. பெரும்பாலும் அகூஸ்டிக் சுற்றின் கடைசியில் வரும். அதோடு சேர்த்து, சுருதி சேர்த்த கிதாரிலோ கீபோர்டிலோ ஜி கார்டை வாசித்துப் பாருங்கள். பதிவு அரை சுரம் ஏறியிருந்தால் டேப் சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் வேகத்தை மாற்றும் வசதியில் மைனஸ் 5.6 சதவீதம் கொடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள். டேப் ஓட்டத்தில் சுருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்தே பிசகியிருக்கும், இரண்டையும் சேர்த்தே இறக்க வேண்டும்.