கணினி பூட் ஆகவில்லையா? பழுது பார்க்கும் முன் கோப்புகளை மீட்டுவிடுங்கள்

நேற்றிரவு வரை ஒழுங்காக ஓடிய கணினி, காலையில் பொத்தானை அழுத்தியதும் நீலத் திரையோடு நின்றுவிடுகிறது. அல்லது விண்டோஸ் சின்னத்துக்குக் கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அல்லது பூட் செய்வதற்கான சாதனம் எதுவும் கிடைக்கவில்லை என்று கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வருகிறது. பதறிப்போய்ப் பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பல இடங்களில் முதலில் காதில் விழும் கேள்வி "ஃபார்மேட் போட்டுடலாமா?" என்பதுதான். டிஸ்க்கில் இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று பொருள். உங்கள் கோப்புகள் வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளும்வரை அந்தக் கேள்விக்குச் சம்மதம் சொல்லாதீர்கள்.

கணினியைப் பழுது பார்ப்பது ஒரு வேலை, கோப்புகளை மீட்பது வேறொரு வேலை. பழுது பார்க்கும் வழிகளில் பலவும் டிஸ்க்கில் புதிதாக எதையாவது எழுதுகின்றன. மீட்பு வேலையோ டிஸ்க்கில் எதையும் எழுதாமல் படிக்க மட்டுமே செய்கிறது. அதனால்தான் மீட்பை முதலில் முடித்துவிட வேண்டும். கணினி பூட் ஆகவில்லை என்பதற்காகக் கோப்புகள் போய்விட்டன என்று பொருளில்லை. பாதியில் நின்றுபோன அப்டேட், கெட்டுப்போன சிஸ்டம் கோப்பு, சரியாகப் பொருந்தாத ரேம், மதர்போர்டு கோளாறு என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். இவை எதிலும் உங்கள் படங்களும் ஆவணங்களும் இருந்த இடத்திலிருந்து அசைந்திருக்காது.

முதலில் காதைக் கொடுங்கள்

கணினியில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கணினியை இயக்கி, டிஸ்க் இருக்கும் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். நல்ல டிஸ்க்கில் ஒரே சீரான மெல்லிய இரைச்சலும் இடையிடையே லேசான கறகறப்பும் கேட்கும். ஒரே இடைவெளியில் டிக், டிக் என்று தட்டும் ஒலியோ, சுழலத் தொடங்கிச் சில நொடிகளில் அடங்கிவிடும் ஒலியோ கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். தகட்டைப் படிக்கும் முனை பழுதாகி, படிக்க வேண்டிய இடத்தைத் தேடித் தடுமாறுகிறது என்பதற்கான அடையாளம் அது. அந்த நிலையில் தொடர்ந்து ஓடவிட்டால் முனை தகட்டையே சுரண்டிவிடக்கூடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த தரவு யாராலும் மீட்க முடியாதது. கீழே விழுந்த மடிக்கணினிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இத்தகைய டிஸ்க்கை, தூசியில்லா அறை வசதியுள்ள தரவு மீட்பு நிறுவனத்திடம் மட்டுமே கொடுக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு, எதுவும் கிடைக்காவிட்டால் என்ன செலவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும் என்பதால், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. எனில் ஒலி எதுவும் இராது. விண்டோஸ் எழும் முன்பே திறக்கக்கூடிய கணினியின் அமைப்புத் திரையான பயோஸில் அதன் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நம்பிக்கையோடு மேலே போகலாம்.

இன்னொரு சிறு சோதனையையும் செய்துவிடலாம். செருகியிருக்கும் பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். திரை மட்டும் கறுப்பாக இருந்து உள்ளே விசிறி ஓடினால், வெளியே ஒரு மானிட்டரையோ டிவியையோ இணைத்துப் பாருங்கள். பழுதானது திரை மட்டும்தான் என்று தெரிந்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

நோட்பேடு வழி

சில கோப்புகள் மட்டும் அவசரமாக வேண்டும் என்றால், வேறு கணினியின் துணையில்லாமலே ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை பூட் ஆகத் தவறினால் மீட்புத் திரை தானாகவே வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாகக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, நோட்பேடு என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். நோட்பேடு திறந்ததும் ஃபைல் மெனுவில் ஓப்பன் என்பதைத் தேர்ந்து, கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால், அந்தச் சிறு சாளரமே உங்களுக்கான கோப்பு உலாவியாகிவிடும். வேண்டிய கோப்புறையின்மேல் வலது கிளிக் செய்து காப்பி எடுத்து, செருகியிருக்கும் பென் டிரைவில் பேஸ்ட் செய்யலாம். வழக்கமான சி டிரைவ் இங்கே டி என்றோ இ என்றோ பெயர் மாறித் தெரியலாம், திகைக்க வேண்டாம். எவ்வளவு தூரம் நகலாகியிருக்கிறது என்பது இதில் தெரியாது என்பதால், பெரிய அளவிலான வேலைக்கு இது ஒத்துவராது. அதே மீட்புத் திரையில் 'ரீசெட் திஸ் பிசி' என்னும் பொத்தானும் இருக்கும். கோப்புகளை வைத்துக்கொள்வதாக அது வாக்களித்தாலும், நகல் எடுக்கும் முன் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

லினக்ஸ் பென் டிரைவ்

பெரும்பாலானவர்களுக்குப் பயன்படப்போகும் வழி இதுதான். விண்டோஸ் எழாவிட்டால் போகட்டும்; விண்டோஸைப் போல இன்னோர் இயங்குதளமான லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து எழுப்பி, அதன் வழியாக உள்ளே இருக்கும் டிஸ்க்கைப் படிக்கிறோம். லினக்ஸைக் கணினியில் நிறுவ வேண்டிய தேவையே இல்லை.

நண்பர் வீட்டிலோ அலுவலகத்திலோ நன்றாக ஓடும் கணினி ஒன்றும், 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள பென் டிரைவும், மீட்ட கோப்புகளை வைக்க ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்க்கும் வேண்டும். லினக்ஸின் வகைகளான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டின் ஐ.எஸ்.ஓ. கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அவற்றின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து இறக்கிக்கொண்டு, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்னும் இலவச மென்பொருளால் பென் டிரைவில் எழுதுங்கள். ஐ.எஸ்.ஓ. கோப்பைச் சும்மா நகலெடுத்துப் போட்டால் பூட் ஆகாது. எழுதும்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருந்தவை முழுவதும் அழிந்துவிடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பிறகு அந்தப் பென் டிரைவைப் பழுதான கணினியில் செருகி, இயக்கியதும் பூட் மெனுவுக்குரிய விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் சில மாடல்களில் பயோஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயங்கச் செய்ய வேண்டியிருக்கும். லினக்ஸ் எழுந்ததும், நிறுவாமல் முயன்று பார்க்கும் 'ட்ரை' என்னும் விருப்பத்தையே தேர்ந்தெடுங்கள். 'இன்ஸ்டால்' பக்கம் கை போகவே கூடாது. அங்கே தவறி அழுத்தும் ஒரு பொத்தான் டிஸ்க் முழுவதையும் துடைத்துவிடக்கூடும்.

கோப்பு மேலாளரைத் திறந்தால் விண்டோஸ் பகுதி அதன் அளவைப் பெயராகக் கொண்டு தெரியும். அதைக் கிளிக் செய்ததும் யூசர்ஸ், விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் என்ற பழகிய கோப்புறைகள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாம் போயிற்று என்று கலங்கியிருந்தவர் தம் பெயரிலான கோப்புறையை அங்கே பார்க்கும் நொடியில் முகத்தில் வரும் தெளிவுக்காகவே இந்த வேலையை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

எல்லா நேரமும் இவ்வளவு எளிதாகத் திறந்துவிடாது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, கணினியை முழுவதுமாக மூடாமல் பாதி உறக்கத்தில் விட்டுவைப்பதால், லினக்ஸ் அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் அனுமதிக்கலாம் அல்லது இணைக்கவே மறுக்கலாம். படிக்க முடிந்தாலே நமக்குப் போதும். மறுத்தால், 'ரீட் ஒன்லி' விருப்பத்தைச் சேர்த்து இணைத்துப் பாருங்கள். உறக்கக் கோப்பை நீக்கச் சொல்லும் விருப்பத்தை மட்டும் கையாள வேண்டாம்.

டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் கதை வேறு. பிட்லாக்கர் என்னும் மறையாக்கம் இருந்தால் லினக்ஸ் கடவுச்சொல் கேட்கும். அங்கே 48 இலக்க மீட்புச் சாவியை இடையிலுள்ள கோடுகளோடு உள்ளிட வேண்டும். நான் எதையும் பூட்டவில்லையே என்று பலரும் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு கொண்டு அமைக்கப்படும் புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இது தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்புக்குப் பிறகு இது இன்னும் பரவலாகியிருக்கிறது. கைப்பேசியில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகக் கணினியானால் தகவல் தொழில்நுட்பப் பிரிவினரிடம் இருக்கும். சாவி இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. முடியும் என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

எதையெல்லாம் எடுப்பது?

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவை எல்லோருக்கும் நினைவிருக்கும். மறந்துபோகிறவைதான் பிறகு வாட்டும். கடை வைத்திருப்பவர்கள் டேலியின் தரவுக் கோப்புறை எங்கே இருக்கிறது என்று தேடி எடுக்க வேண்டும். பழைய பதிப்புகளில் அது யூசர்ஸுக்கு வெளியே, சி டிரைவைத் திறந்ததும் தெரியும் முதல் மட்டத்திலேயே இருக்கும். அவுட்லுக்கில் அஞ்சல் வைத்திருப்பவர்கள் அதன் பி.எஸ்.டி. கோப்பைத் தேட வேண்டும். உலாவியின் புக்மார்க்குகள், விண்டோஸில் மறைந்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறையில் உள்ளன; லினக்ஸில் அது கண்ணுக்குத் தெரியாவிட்டால் கண்ட்ரோலோடு ஹெச் விசையை அழுத்திப் பாருங்கள். ஒன்டிரைவ் கோப்புறையில் பெயர் மட்டும் இருந்து உள்ளடக்கம் இணையத்தில் மட்டுமே இருக்கும் கோப்புகளும் உண்டு; அவற்றை உலாவி வழியாக இறக்கிக்கொள்ளுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் கணினியிலிருந்து அவர் பல ஆண்டுகளாகத் தயாரித்த வினாத்தாள்கள் முழுவதையும் மீட்டுக் கொடுத்தேன். மறுநாள் புதிய கணினியில் அவற்றைத் திறந்தபோது திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் இருந்தன. கோப்புகள் கெட்டுவிட்டன என்று அவர் நடுங்கிப்போனார். அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துருவில் புள்ளி விழும் இடமெல்லாம் உண்மையில் அரைப்புள்ளிதான். எழுத்துருவை நிறுவியதும் எல்லாம் தமிழாயின. ஆகவே யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களைப் பயன்படுத்தியவர்கள், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்தே நகலெடுங்கள். பாமினி எளிதில் கிடைத்துவிடும். அச்சகங்களில் புழங்கிய பல எழுத்துருக்கள் இன்று தேடினாலும் கிடைப்பதில்லை.

மீண்டும் உருவாக்க முடியாதவற்றை முதலில் எடுங்கள். திரைப்படங்களும் மென்பொருள்களும் கடைசியில் வரட்டும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நகலாகாமல் நின்றால், வெளிப்புற டிஸ்க் ஃபேட்32 என்னும் பழைய சேமிப்பு முறையில் இருக்கிறது என்று பொருள். எக்ஸ்ஃபேட் முறையிலுள்ள வேறொன்றைப் பயன்படுத்துங்கள். முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு கோப்புறையிலும் ஓரிரண்டு கோப்புகளைத் திறந்தே பாருங்கள்.

நகல் பாதியில் திணறினால்

சில கோப்புகளில் மட்டும் நகல் நின்று நின்று போனாலோ, படிப்பதில் பிழை என்ற செய்தி வந்தாலோ, டிஸ்க் தேயத் தொடங்கியிருக்கிறது. உபுண்டுவின் டிஸ்க்ஸ் செயலியில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தால், பழுதாகி இடம் மாற்றப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கூறுகள்) எண்ணிக்கையும் மாற்றத்துக்குக் காத்திருப்பவற்றின் எண்ணிக்கையும் தெரியும். காத்திருப்பவை கூடிக்கொண்டே போனால் கோப்பு கோப்பாக எடுப்பதை நிறுத்திவிடுங்கள். செக்டிஸ்க் போன்ற சரிசெய்யும் கருவிகளை இந்த நிலையில் ஓடவிடவே கூடாது. குனூ டிடிரெஸ்க்யூ என்னும் கருவியால் டிஸ்க் முழுவதையும் அதைவிடப் பெரிய வேறொரு டிஸ்க்கில் ஒரே படிமமாக, அதாவது டிஸ்க்கின் முழு நகலாக, எடுக்க வேண்டும். எளிதாகப் படிக்க வருகிற பகுதிகளை அது முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் வரைபடக் கோப்பு ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளச் சொன்னால், மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். கட்டளையில் மூல டிஸ்க் முதலிலும் சேருமிடம் அடுத்ததாகவும் வர வேண்டும். மாற்றி எழுதினால் வெற்று டிஸ்க்கின் உள்ளடக்கம் உங்கள் கோப்புகளின்மேல் ஏறிவிடும். என்டரைத் தட்டும் முன் அளவையும் மாடல் பெயரையும் வைத்து எது எந்த டிஸ்க் என்று இரண்டு முறை சரிபாருங்கள். படிமம் கிடைத்தபின், டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய இலவசக் கருவிகளை அந்தப் படிமத்தின்மேல் மட்டும் பயன்படுத்துங்கள். ஃபோட்டோரெக் கோப்புகளின் பெயர்களை மீட்டுத் தராது. படங்களைத் திறந்து பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

கணினி உயிரே பெறவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. உறை ஒன்றில் பொருத்தி வேறு கணினியில் இணைக்கலாம். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி மின் அடாப்டர் உள்ள உறை வேண்டும். எம்.2 வடிவ எஸ்.எஸ்.டி.யில் என்விஎம்இ, சாட்டா என இரு வகைகள் இருப்பதால், டிஸ்க்கின்மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இணைத்ததும் இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் மட்டுமே செய்யுங்கள். அனுமதி இல்லை என்று சொல்லும் கோப்புறைகளில் 'கன்டினியூ' கொடுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும். சில மடிக்கணினிகளில் சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் அவற்றில் இந்த வழிக்கு இடமில்லை.

எல்லாம் கைக்கு வந்தபின்னும் பழைய டிஸ்க்கை உடனே துடைத்துவிடாதீர்கள். முடிந்தால் புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றில் விண்டோஸைப் போட்டுக்கொண்டு, பழையதில் தேதி எழுதிய தாளை ஒட்டி ஒரு மாதமாவது அலமாரியில் வையுங்கள். விடுபட்ட எழுத்துருவோ, மறந்துபோன டேலிக் கோப்புறையோ நினைவுக்கு வருவது அநேகமாக அந்த ஒரு மாதத்துக்குள்தான்.