எட்வர்ட் கோக்கின் சட்ட நூல்களைத் தேடிப் படிப்பது எப்படி? தொடக்க மாணவர்களுக்கான செய்முறை

சட்டப் பொருள்கோள் பாடத்தில் ஹெய்டன் வழக்கு, ஒப்பந்தச் சட்டத்தில் பின்னெல் வழக்கு, அரசமைப்புப் பாடத்தில் போன்ஹாம் வழக்கு. மூன்றும் ஆங்கிலேய நீதிபதி சர் எட்வர்ட் கோக் (1552–1634) எழுதி வைத்ததால்தான் இன்று நம் கைக்கு இந்த வடிவில் வந்திருக்கின்றன. பெயரைக் 'குக்' என்று உச்சரிப்பார்கள். ஆங்கில விரிவுரைகளைக் கேட்கும்போது வேறு யாரோ என்று நினைத்துவிட வேண்டாம்.

பாடநூலின் அடிக்குறிப்பிலிருந்து சைட்டேஷனை (வழக்கு எந்த நூலில் எங்கே இருக்கிறது என்று காட்டும் சுருக்கக் குறிப்பை) அப்படியே எடுத்து ஒட்டிவிட்டு மூலத்தைத் திறக்காமலே போவதுதான் வழக்கமாக இருக்கிறது. மூலத்தைத் திறப்பது அவ்வளவு கடினமில்லை. ஆனால் ஒரு வரியை மேற்கோள் காட்டுவதற்கு முன், அது எந்த நூலில், எந்த ஆண்டு அச்சானது, அதில் பேசுவது நீதிமன்றமா கோக்கா என்று பார்த்தே ஆக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: எது எந்த நூல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கோக்கின் நூல்களில் இரண்டு பெரிய வரிசைகள் உண்டு. ஒன்று 'ரிப்போர்ட்ஸ்', அதாவது வழக்குத் தொகுப்பு, 13 பாகம். மற்றொன்று 'இன்ஸ்டிடியூட்ஸ்', சட்ட விளக்க நூல், 4 பாகம்.

ரிப்போர்ட்ஸின் முதல் 11 பாகங்களும் 1600 முதல் 1615 வரை கோக் உயிரோடு இருந்தபோதே, அவரே அச்சுக்குக் கொடுத்தவை. 12ஆம் பாகம் 1656-லும் 13ஆம் பாகம் 1659-லும்தான் வந்தன. அதற்குள் அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் வைத்திருந்த குறிப்புகளைப் பிறர் எடுத்து அச்சிட்டார்கள். ஆகவே 12, 13 என்ற எண்களைப் பார்த்தாலே கொஞ்சம் நிதானியுங்கள்.

இன்ஸ்டிடியூட்ஸில் முதல் பாகம் மட்டும் 1628-ல் அவர் கண்முன்னே வந்தது. லிட்டில்டன் என்ற 15ஆம் நூற்றாண்டு நீதிபதியின் நில உரிமை நூலுக்கு எழுதிய உரை அது. 1634-ல் கோக் இறக்கும் தறுவாயில் அரசர் முதலாம் சார்லஸின் ஆணைப்படி அவருடைய கையெழுத்துப் படிகள் பறிமுதல் செய்யப்பட்டன. 1641-ல் நாடாளுமன்றம் தலையிட்டு மீட்ட பிறகுதான் இரண்டாம் பாகம் 1642-லும், மூன்றும் நான்கும் 1644-லும் வெளிவந்தன. இரண்டாம் பாகம் மேக்னா கார்ட்டா முதலான பழைய சட்டங்களுக்கு உரை, மூன்றாவது குற்றவியல், நான்காவது நீதிமன்றங்களின் அதிகார வரம்பு.

சிறு நூல்களும் உண்டு. வழக்குரைகளின் மாதிரிப் படிவங்களைத் திரட்டிய 'புக் ஆஃப் என்ட்ரீஸ்' 1614-ல் வந்தது. பிணை பற்றிய சிறுநூல் இறப்புக்குப் பின் 1635-ல் வந்தது. தொடக்கத்தில் இவை தேவைப்படாது. 1607-ல் கோக்கின் உரை என்ற பெயரில் ஒரு துண்டுநூல் அச்சானது. அது தன் அனுமதியில்லாமல் பிழையோடு வந்தது என்று 7ஆம் பாகத்தின் முன்னுரையில் கோக்கே மறுத்திருக்கிறார். பெயரைப் பார்த்ததும் அதிலிருந்து மேற்கோள் எடுத்துவிடாதீர்கள்.

படி 2: சைட்டேஷனைப் பிரித்துப் படியுங்கள்

ஹெய்டன் வழக்கை எடுத்துக்கொள்வோம்: 3 கோ. ரெப். 7ஏ. 'கோ. ரெப்.' என்றால் கோக்கின் ரிப்போர்ட்ஸ். முதலில் நிற்கும் 3, பாகத்தின் எண். கடைசியில் உள்ள 7 பக்க எண் அல்ல, தாள் எண். அந்தக் காலத்தில் ஒரு தாளுக்கு ஓர் எண்தான் போட்டார்கள். தாளின் முன்பக்கம் 'ஏ', பின்பக்கம் 'பி'. ஆக 7ஏ என்றால் ஏழாம் தாளின் முன்பக்கம். எழுத்தை விட்டுவிட்டு 7 என்று மட்டும் எழுதினால் எந்தப் பக்கம் என்றே தெரியாது.

லிட்டில்டன் உரைக்கும் இதே தாள் முறைதான், 'கோ. லிட்.' என்று குறிப்பார்கள். இன்ஸ்டிடியூட்ஸின் மற்ற மூன்று பாகங்களில் சாதாரணப் பக்க எண். அதனால் '2 இன்ஸ்ட். 50' என்று வந்தால் ஏ, பி எதையும் தேட வேண்டாம். '1 இன்ஸ்ட்.' என்று எங்காவது கண்டால் அதுவும் கோ. லிட். தான், வேறு நூல் அல்ல.

ஒரே வழக்குக்கு இரண்டு தாள் எண்கள் புழங்குவதும் குழப்பும். போன்ஹாம் வழக்கைச் சிலர் 8 கோ. ரெப். 107ஏ என்றும் சிலர் 113பி என்றும் எழுதுவார்கள். இரண்டும் சரிதான். 107-ல் தொடங்குவது வழக்கின் நீதிமன்ற ஆவணம்: பிராது, எதிருரை எல்லாம். வாதமும் முடிவும் 113பி-யிலிருந்து வருகின்றன. ஷெல்லி வழக்கிலும் இப்படித்தான், 88பி-யும் 93பி-யும். படிக்க வேண்டியது இரண்டாவது எண்.

படி 3: ஆண்டைக் கணக்கிடுங்கள்

வழக்கின் தலைப்பில் நேரடியாக ஆண்டு இருக்காது. 'எலிசபெத் 26, ஈஸ்டர் பருவம்' என்பது போல அரசாட்சி ஆண்டும் நீதிமன்றம் கூடிய பருவமும்தான் இருக்கும். எலிசபெத் 1558 நவம்பர் 17-ல் ஆட்சிக்கு வந்தார். ஹிலரி, ஈஸ்டர், டிரினிட்டி ஆகிய மூன்று பருவங்களுக்கும் 1558-ஐக் கூட்டினால் போதும்: 1558 + 26 = 1584. மைக்கேல்மஸ் பருவம் அக்டோபரில் தொடங்கி நவம்பர் 17-ஐத் தாண்டிப் போவதால் '25, 26' என்று இரட்டை எண் வரும். அங்கே சிறிய எண்ணோடு கூட்டுங்கள், 1583 கிடைக்கும்.

முதலாம் ஜேம்ஸ் 1603 மார்ச் 24-ல் ஆட்சிக்கு வந்தார். அவர் காலத்து ஈஸ்டர், டிரினிட்டி, மைக்கேல்மஸ் பருவங்களுக்கு 1602-ஐயும், ஹிலரிக்கு 1603-ஐயும் கூட்ட வேண்டும். போன்ஹாம் வழக்கு ஜேம்ஸ் 7, ஹிலரி. அதாவது 1610. சில நூல்களில் 1609 என்று பார்ப்பீர்கள். இங்கிலாந்தில் 1752 வரை புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஹிலரி பருவம் ஜனவரி, பிப்ரவரியில் வருவதால் பழைய கணக்கில் அது முந்தைய ஆண்டோடு சேரும். இந்த ஓராண்டு வித்தியாசத்தைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போய்ச் சரியானதைக் கெடுத்தவர்கள் உண்டு.

தீர்ப்பான ஆண்டும் அச்சான ஆண்டும் வேறு என்பதையும் மனதில் வையுங்கள். ஹெய்டன் வழக்கு 1584-ல் முடிந்தது; 3ஆம் பாகம் 1602-ல் அச்சானது. அடைப்புக்குறிக்குள் போடுவது தீர்ப்பாண்டு.

படி 4: பிரதியைத் தேடுங்கள்

எளிய வழி, 'இங்கிலீஷ் ரிப்போர்ட்ஸ்' மறுபதிப்பு. ரிப்போர்ட்ஸின் 1 முதல் 4 பாகங்கள் அதன் 76ஆம் தொகுதியிலும், 5 முதல் 13 வரை 77ஆம் தொகுதியிலும் இருக்கின்றன. காமன்எல்ஐஐ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வரிகளுக்கிடையே சதுர அடைப்புக்குள் வரும் எண்கள்தான் பழைய தாள் எண்கள்; மேற்கோளுக்கு அவற்றைப் பயன்படுத்துங்கள். பக்கத்தின் அடியில் உள்ள சிறிய எழுத்துக் குறிப்புகள் பிற்காலப் பதிப்பாசிரியர்களுடையவை. அவற்றைக் கோக் சொன்னதாக எழுதக் கூடாது.

இணைய நூலகங்களில் 17ஆம் நூற்றாண்டுப் பிரதிகளின் ஸ்கேன்களும் உண்டு. அதில் தேடும்போது இரண்டு தொல்லைகள். அக்கால அச்சில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும், கணினி அதை எஃப் என்றே படித்துவைக்கும். 'யூ'வும் 'வி'யும் இடம் மாறி வரும். ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் எழுத்தை மாற்றிப் போட்டுத் தேடுங்கள், அல்லது தாள் எண்ணைப் பிடித்து நேராகப் போங்கள். இரண்டாவது வழிதான் பெரும்பாலும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

ரிப்போர்ட்ஸின் முதல் 11 பாகங்களையும் கோக் எழுதியது ஆங்கிலத்தில் அல்ல. வழக்குமன்றப் பிரெஞ்சில், நடுநடுவே இலத்தீன். ஆங்கில மொழிபெயர்ப்பு 1658-ல் வந்தது. ஆக நீங்கள் ஆங்கிலத்தில் படிக்கும் புகழ்பெற்ற வாக்கியம் மொழிபெயர்ப்பாளரின் சொற்கள். 'கோக்கின் சொல்லிலேயே' என்று எழுதும் முன் யோசியுங்கள். இன்ஸ்டிடியூட்ஸில் இந்தச் சிக்கல் இல்லை. உரையை அவர் ஆங்கிலத்திலேயே எழுதினார்.

படி 5: ஒரு வழக்கைக் கடைசி வரி வரை படியுங்கள்

பழகுவதற்குப் பின்னெல் வழக்கைவிட நல்லது கிடையாது: 5 கோ. ரெப். 117ஏ, 77 இ.ஆர். (இங்கிலீஷ் ரிப்போர்ட்ஸ்) 237. ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

கோல் என்பவர் பின்னெலுக்கு 16 பவுண்டுக்குக் கடன்பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். 1600 நவம்பர் 11-ல் 8 பவுண்டு 10 ஷில்லிங் கட்டினால் பத்திரம் தீர்ந்தது. கோல் சொன்ன எதிருரை: பின்னெல் கேட்டுக்கொண்டதால் கெடுவுக்கு முன்பே, அக்டோபர் 1-ல், 5 பவுண்டு 2 ஷில்லிங் 2 பென்ஸ் கொடுத்தேன், முழுக்கடனுக்கும் ஈடாக அவர் வாங்கிக்கொண்டார்.

நீதிமன்றம் முதலில் பொதுவிதியைச் சொல்கிறது. கெடுநாளில் குறைந்த தொகை கொடுத்தால் பெரிய தொகை தீராது. குதிரையோ வல்லூறோ அங்கியோ கொடுத்தால் தீரும், ஏனென்றால் வாதிக்கு அது பணத்தைவிடப் பயன்பட்டிருக்கலாம். கெடுவுக்கு முன்போ வேறோர் இடத்திலோ ஒரு பகுதியைக் கொடுத்து வாதி ஏற்றுக்கொண்டாலும் தீரும். கோல் முன்கூட்டியே கொடுத்தவர். அப்படியானால் கோல்தானே ஜெயிக்க வேண்டும்?

ஜெயித்தவர் பின்னெல். காரணம் கடைசி வரிகளில் இருக்கிறது. 'முழுக்கடனையும் தீர்ப்பதற்காகக் கொடுத்தேன்' என்று கோல் எதிருரையில் சொல்லவில்லை. கொடுத்தேன் என்றும், வாதி முழுக்கடனுக்காக வாங்கிக்கொண்டார் என்றும்தான் சொன்னார். எந்த நோக்கத்தில் கொடுக்கப்படுகிறது என்பதைக் கொடுப்பவர்தான் சொல்ல வேண்டும். எதிருரையில் இருந்த இந்த ஓட்டையால் அவர் தோற்றார். உலகம் முழுக்கப் பாடநூல்களில் நிற்கும் 'பின்னெல் விதி', அந்த வழக்கின் முடிவுக்குத் தேவைப்படாத ஒரு பேச்சு. பிரபுக்கள் சபை 1884-ல் ஃபோக்ஸ் எதிர் பீர் வழக்கில் ஏற்ற பிறகுதான் அது இங்கிலாந்தில் அசைக்க முடியாத விதியானது. தலைக்குறிப்பை மட்டும் படிப்பவருக்கு இது எதுவும் தெரியவராது.

இந்தியத் தேர்வில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மறுபயன் (பதிலுக்குக் கிடைக்கும் பயன்) இல்லாமலே கடனை முழுதாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்க இடம் தருகிறது. பின்னெல் விதி இங்கே செல்லாது. ஹெய்டன் வழக்கின் கதை வேறு. சட்டத்துக்குப் பொருள் காண அது வகுத்த நான்கு கேள்விகளை உச்ச நீதிமன்றம் 1955-ல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் எடுத்தாண்டது.

படி 6: யார் குரல் என்று பாருங்கள்

இன்றைய தீர்ப்புத் திரட்டில் நீதிபதியின் சொற்கள் அப்படியே வரும். கோக்கிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. நீதிபதிகள் சொன்னதையும் தான் சேர்த்த காரணங்களையும் பழைய வழக்குகளையும் ஒன்றாகக் குழைத்துத் தருவார். சில வழக்குகளில் அவரே ஒரு தரப்பின் வழக்கறிஞர். ஷெல்லி வழக்கு அப்படி. போன்ஹாம் வழக்கில் அவரே தலைமை நீதிபதி.

பொது நியாயத்துக்கு மாறான நாடாளுமன்றச் சட்டத்தைப் பொதுச்சட்டம் (நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த சட்டம்) செல்லாதாக்கும் என்ற புகழ்பெற்ற வரி போன்ஹாம் வழக்கில் 118ஏ-யில் வருகிறது. அதைச் சட்டங்களைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரமாகப் படிப்பவர்களும் உண்டு, வெறும் பொருள்கோள் விதியாகப் படிப்பவர்களும் உண்டு. எப்படி எழுதினாலும், இதே வழக்கைப் பிரவுன்லோவின் தொகுப்பிலும் (இங்கிலீஷ் ரிப்போர்ட்ஸ் 123ஆம் தொகுதி) ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். 1616-ல் அரசர் ஜேம்ஸ், ரிப்போர்ட்ஸில் உள்ள பிழைகளைத் திருத்தும்படி கோக்கிடம் சொன்னார். கோக் அற்பமான சிலவற்றைத்தான் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் பதவி போயிற்று.

அரசர் தானே வழக்கு விசாரிக்க முடியாது என்று கோக் நேருக்கு நேர் சொன்னதாக வரும் காட்சி 12 கோ. ரெப். 63-ல் இருக்கிறது. அது இறப்புக்குப் பின் வந்த பாகம், அதிலும் சொல்பவர் அவரே. அன்று அரசரின் கோபத்துக்கு முன் கோக் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும் சமகாலக் கடிதமும் உண்டு. எனவே 'நடந்தது' என்று எழுதாமல் 'கோக்கின் பதிவுப்படி' என்று எழுதுவது பாதுகாப்பு.

படி 7: இன்ஸ்டிடியூட்ஸுக்குள் எங்கே நுழைவது

முதல் பாகத்தில் தொடங்காதீர்கள். பக்கத்தின் நடுவே லிட்டில்டனின் மூலமும் அதன் ஆங்கிலமும், சுற்றிலும் கோக்கின் உரை, ஓரத்தில் குவியலாகச் சைட்டேஷன்கள். நிலவுடைமைச் சட்டம் தெரியாதவர் பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிடுவார்.

இரண்டாம் பாகத்தில் மேக்னா கார்ட்டாவின் 29ஆம் அத்தியாயத்துக்கான உரைதான் நல்ல நுழைவாயில். 45ஆம் பக்கத்தில் தொடங்கும். சட்டத்தின்படியல்லாமல் எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்படுத்தக் கூடாது என்ற பகுதி அது. பலர் 39ஆம் அத்தியாயத்தைத் தேடி ஏமாறுவார்கள். 1215 சாசனத்தில்தான் அது 39. கோக் உரை எழுதியது 1225-ல் மறுபடி வழங்கப்பட்ட சாசனத்துக்கு; அதில் 29. 'நாட்டின் சட்டம்' என்ற தொடருக்கு 'முறையான சட்ட நடைமுறை' என்று அவர் பொருள் சொல்லும் இடம் 50ஆம் பக்கம்.

அதன் பிறகு லிட்டில்டன் உரைக்குப் போவதானால், ஹார்கிரேவ் தொடங்கி பட்லர் முடித்த பதிப்பு கையில் கிடைக்கலாம். குறிப்புகள் அருமையானவை, நூலையே விழுங்கும் அளவுக்கு நீளமானவை. அவற்றிலிருந்து எடுத்தால் கோ. லிட். என்று மட்டும் போடாமல், தாள் எண்ணோடு ஹார்கிரேவ் குறிப்பா பட்லர் குறிப்பா என்பதையும் அதன் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.